பாலை நிறுத்தினாய் சரி, டீயை எப்போது குடிக்கிறாய்?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஓர் உணவுப் பொருள் மாட்டிக்கொள்ளும். மைதா முடிந்தது, பாமாயில் முடிந்தது, பிராய்லர் கோழியை ஒன்றுக்கு இரண்டு முறை விசாரித்தாகிவிட்டது. இப்போது பால். "தினமும் பால் குடிக்கும் பெண்களுக்கு மாரடைப்பு!" என்று சிவப்பு எழுத்தில் ஒரு படம், கீழே ஸ்வீடன் என்று ஒரு சொல், அவ்வளவுதான். யாரை ஆராய்ந்தார்கள், எவ்வளவு பால், எந்த வயது, ஒன்றும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகும் என் சித்தி மகள் பாலைச் சுத்தமாக நிறுத்திவிட்டாள். சித்தி எனக்குப் போன் போட்டு, "ஏங்கண்ணு, நீதானே சத்துணவெல்லாம் படிச்சவ, அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்" என்றார். படித்தது ஊட்டச்சத்து, பார்ப்பது கணக்கு வேலை என்றாலும் இந்த மாதிரி நேரத்தில்தான் அந்தப் பட்டத்துக்கு உயிர் வரும். அவளிடம் சொன்னதையும், போனில் சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். அவள் வயதுப் பெண்கள் இன்னும் சிலரும் இதையே கேட்டார்கள்.

முதலில் அந்த ஸ்வீடன் விஷயம். அது கட்டுக்கதை இல்லை. உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 61,433 பெண்கள், 45,339 ஆண்கள், அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதி வாங்கி, பிறகு பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் பால் குடித்த பெண்களிடம், ஒரு டம்ளருக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட இறப்பு விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. அதே ஆட்கள் 2024 கடைசியில் இன்னொன்று வெளியிட்டார்கள், இந்த முறை இதயத்தைக் குறிவைத்து. நாளைக்கு 300 மில்லிக்கு மேல் போனால் பெண்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது, ஆண்களுக்கு அப்படித் தெரியவில்லை என்றார்கள். 400 மில்லி குடிப்பவர்களுக்கு 5 சதவீதம், 600 மில்லிக்கு 12, 800 மில்லிக்கு 21. கொழுப்புள்ள பாலா கொழுப்பெடுத்த பாலா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தயிர் மாதிரி புளிக்க வைத்த பாலுக்கு இந்தக் கெட்ட பெயர் ஒட்டவே இல்லை.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவள் "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்றாள். சரி, இப்போது மற்ற பக்கம்.

5 சதவீதம் கூடுகிறது என்றால் நூறு பேரில் ஐந்து பேருக்கு மாரடைப்பு வரும் என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே நூறு பேருக்கு வரும் இடத்தில் நூற்றைந்து பேருக்கு. ஒரு வயதுப் பிரிவில் அந்த நோய் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறதோ அதன் மேல்தான் இந்த ஐந்து ஏறும், அவளுடைய இருபத்து மூன்று வயதில் அந்த அடிப்படை எண்ணே மிகச் சிறியது. அடுத்தது, இந்தப் பெண்கள் யார்? 2014 ஆய்வில் சேரும்போதே 39 முதல் 74 வயது வரை இருந்தவர்கள். அவர்களில் ஒருவரும் இருபதுகளில் இல்லை. ஸ்வீடனில் பாலைச் சாப்பாட்டோடு தண்ணீர் மாதிரி குளிர்ச்சியாக டம்ளர் டம்ளராகக் குடிக்கும் பழக்கம் உண்டு. நாம் அரை டம்ளர் பாலில் டிகாஷன் ஊற்றிக் குடிப்பவர்கள், 800 மில்லி பாலை ஒரே ஆளாகக் குடிக்கும் பெண்ணை நான் எங்கள் ஊரில் கண்டதில்லை, மாடு வைத்திருக்கும் வீட்டிலும் கூட. கடைசியாக, இது கவனித்து எழுதிய ஆய்வு. பால் குடித்ததால் நோய் வந்தது என்று நிரூபிக்கவில்லை, இரண்டும் சேர்ந்து போகின்றன என்கிறது. ஆய்வாளர்களே அதை ஒத்துக்கொள்கிறார்கள், ஃபார்வர்டு செய்பவர்கள்தான் ஒத்துக்கொள்வதில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு ஆய்வும் இருக்கிறது, அது ஏனோ எந்தக் குழுவிலும் வருவதில்லை. 'ப்யூர்' என்று பெயர். கேரளத்தில் பிறந்து கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருக்கும் இதயநோய் ஆராய்ச்சியாளர் சலீம் யூசுப் தலைமையிலானது. 21 நாடுகள், 1,36,384 பேர், இந்தியாவும் உண்டு. 2018இல் 'லான்செட்' இதழில் வந்த அதன் முடிவுப்படி, நாளைக்கு இரண்டு பங்குக்கு (ஒரு பங்கு ஏறக்குறைய ஒரு டம்ளர்) மேல் பால், தயிர் சேர்த்துக்கொண்டவர்களுக்கு, ஒன்றுமே சேர்க்காதவர்களைவிட இதயநோயும் பக்கவாதமும் இறப்பும் குறைவு. சராசரியாக ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஒருவர் நாளைக்கு 368 கிராம் பால் பொருட்கள் சாப்பிட்டால், தெற்காசியாவில் 147 கிராம்தான். இங்கேதான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஏற்கெனவே நிறையக் குடிப்பவர் இன்னும் நிறையக் குடித்தால் என்ன ஆகும் என்பது ஒரு கேள்வி, ஒன்றுமே இல்லாத தட்டில் கொஞ்சம் பாலும் தயிரும் வந்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. ஸ்வீடன் முதல் கேள்விக்கும், ப்யூர் பெரும்பாலும் இரண்டாவதுக்கும் பதில் சொல்கின்றன. அதோடு, ஏழை நாடுகளில் பால் வாங்க முடிகிற வீட்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவும் முடியும், அந்த வசதியும் எண்ணிக்கைக்குள் ஒளிந்திருக்கும். அதனால் ப்யூரை வைத்து "நெய்யை ஊற்றுங்கள், இதயம் பலப்படும்" என்று கிளம்பும் யூட்யூப் ஆட்களும் எனக்கு ஆகாது. அதிலும் சேர்க்கப்பட்டவர்கள் 35 முதல் 70 வயது வரை.

இளம் வயதுக்காரர்களை வைத்துச் செய்த ஒன்று வேண்டுமென்றால் அமெரிக்காவின் 'கார்டியா'. 1985-86இல் நான்கு நகரங்களில் 18 முதல் 30 வயது வரையிலான ஆண்களையும் பெண்களையும் சேர்த்து ஆரம்பித்தது. பத்து ஆண்டு கழித்துப் பார்த்ததில், ஆரம்பத்திலேயே உடல் எடை கூடுதலாக இருந்தவர்களில், பால் பொருட்கள் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சேர்ந்து கெடும் அந்தக் கூட்டு நிலை குறைவாக வந்தது. ஒல்லியாக இருந்தவர்களிடம் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. இவ்வளவுதான். இதையும் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம், ஆனால் "இளம் பெண்ணே, பால் உன் இதயத்தைக் கொல்லும்" என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளைக்குச் சொன்ன பாலும் தயிரும் 300 மில்லி. ஸ்வீடனில் ஆபத்து ஏற ஆரம்பிக்கும் கோடும் 300 மில்லி. இது தற்செயல்தான், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. இருந்தாலும் நினைவில் வைத்துக்கொள்ளச் சுலபமான எண். காலையில் ஒரு காபி, சாயங்காலம் ஒரு டீ, மதியம் ஒரு கிண்ணம் தயிர் என்றால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும்.

அப்புறம் பாக்கெட்டின் நிறம். எங்கள் வயதுக்காரர்களுக்குப் பழகின ஆவின் கணக்கில் நீலம் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. தனியார் பாலில் நிறம் மாறும், அதனால் நிறத்தை நம்பாமல் பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். இருமுறை கொழுப்பு குறைத்தது என்றால் 1.5 சதவீதம். பால் கொழுப்பில் ஏறக்குறைய அறுபது சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, ரத்தத்தில் எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பை ஏற்றுவது அதுதான். அரை லிட்டர் ஆரஞ்சுப் பாலில் 30 கிராம் கொழுப்பு, அதில் 18, 19 கிராம் நிறைவுற்றது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லை மொத்தக் கலோரியில் 10 சதவீதம், அதாவது 2000 கலோரிக்கு 22 கிராம் அளவில். எனவே அரை லிட்டர் ஆரஞ்சுப் பாலை ஒரே ஆள் குடித்தால் தேங்காய்ச் சட்னிக்கும் பலகாரத்துக்கும் இடமே இல்லை. அதே அரை லிட்டர் நீலப் பாலில் பாதிதான். கால்சியமும் புரதமும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. "தண்ணிப் பால்ல என்ன சத்து இருக்கு" என்று அத்தை கேட்பார், இருக்கிறது அத்தை, கொழுப்புதான் குறைவு.

ஏடு எடுப்பது பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் ஆரஞ்சுப் பாலை வாங்கி, காய்ச்சி, ஆறவைத்து, ஏட்டை எடுத்து ஒரு டப்பாவில் சேர்ப்பார்கள். "ஏடு எடுத்த பால்தான் பிள்ளைகளுக்குத் தர்றோம், கொழுப்பே இல்லை" என்று ஒரு நிம்மதி. டப்பா நிறைந்ததும் அது வெண்ணெயாகி, முருங்கைக்கீரை போட்டுக் காய்ச்சின நெய்யாகி, ஞாயிற்றுக்கிழமை பருப்புச் சோற்றின் மேல் அதே பிள்ளைகளின் தட்டுக்கு வந்து சேரும். பால் வழியாக வர வேண்டியது நெய் வழியாக வருகிறது. அதிலும் கொழுப்பு பாலுக்குள்ளோ பாலாடைக்கட்டிக்குள்ளோ இருக்கும்போது ஏற்றுகிற எல்.டி.எல்.லைவிட, பிரித்து வெண்ணெயாகச் சாப்பிடும்போது அதிகம் ஏற்றுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கு அந்த நெய்யின் வாசம் பிடிக்கும், விடப் போவதில்லை, ஆனால் கணக்கில் வைத்துக்கொள்வேன்.

மாடு வைத்திருக்கும் வீடு என்று முன்பு சொன்னேன் அல்லவா, அதைப் பற்றி ஒன்று. எங்கள் அமுச்சி வீட்டில் கறவை இருந்தது. விடியற்காலையில் கறந்து கேனில் ஊற்றிச் சொசைட்டிக்குப் போய்விடும், அங்கே ஃபேட்டும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) பார்த்து விலை போடுவார்கள். கொழுப்பு குறைந்தால் விலை குறையும், அதனால் நல்ல பால் எல்லாம் கேனுக்கு. வீட்டுக்கு ஒரு சொம்பு நிறுத்துவார்கள். அந்தச் சொம்பில் மாமனுக்குக் காபி, பையன்களுக்கு ஒரு டம்ளர், மிச்சத்தில் தண்ணீர் விட்டுப் பொம்பளைகளுக்கு டீ. இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்கவில்லை. பால் ஊற்றும் வீட்டுப் பெண்கள்தான் கால்சியம் மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறார்கள். "பால் குடிக்காதே" என்ற அறிவுரை நம் ஊரில் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று யோசித்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். முன்பே பால் கிடைக்காத பெண்பிள்ளைகளுக்கு இப்போது அறிவியலும் கிடைக்கவிடாது போலிருக்கிறது.

சரி, சித்தி மகளிடம் வருகிறேன். பாலை நிறுத்திவிட்டாள் என்றேன் அல்லவா, டீயை நிறுத்தவில்லை. ஹாஸ்டலில் காலை ஒன்று, அலுவலகம் போனதும் மெஷினில் ஒன்று, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கீழே கடையில் தோழிகளோடு ஒன்று, சாயங்காலம் ஒன்று. டம்ளரில் குடிக்கும் வெள்ளைப் பால்தான் அவளுக்குப் பால், டீயில் இருப்பது டீ. நான் கேட்டது இரண்டே கேள்வி. ஒவ்வொன்றிலும் எவ்வளவு சர்க்கரை? சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துக் குடிக்கிறாய்?

சர்க்கரையை முதலில் முடித்துவிடுவோம். டீக்கடைக் கரண்டியை நம்ப முடியாது, அது சமயத்தில் ஒன்றரை ஸ்பூன் பிடிக்கும். இரண்டு ஸ்பூன் என்றே வைத்தாலும் நான்கு டீக்கு எட்டு ஸ்பூன், 32 கிராமுக்குக் குறையாது. சேர்க்கும் சர்க்கரையை நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு ஸ்பூனுக்குள் வைத்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. பாலுக்குள் இயற்கையாக இருக்கும் லாக்டோஸ் இந்தக் கணக்கில் வராது. இந்தியப் பெண்களின் ரத்தக் கொழுப்பு அறிக்கையைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், நல்ல கொழுப்பு என்கிற எச்.டி.எல். குறைவு, ட்ரைகிளிசரைடு அதிகம். இந்த ஜோடிக்குப் பால் கொழுப்பைவிட வெள்ளைச் சோறும் சர்க்கரையும் உட்கார்ந்தே இருப்பதும்தான் பெரிய காரணம். இதில் மால்ட் பவுடர்கள் வேறு. வயதுக்கு வந்ததும் பெண்ணுக்கு ஒரு டப்பா வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பு. இந்தப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் போட்டு விற்காதீர்கள் என்று மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் இணைய வணிகத் தளங்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. ரோஸ்மில்க்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, வெயில் காலத்தில் சண்டை வேண்டாம்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. இருபதுகளில் இருக்கும் ஒரு தமிழ்நாட்டுப் பெண்ணின் இதயத்துக்கும் பாலுக்கும் நிஜமாகவே முடிச்சு இருக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன், எந்த ஃபார்வர்டிலும் இது வருவதில்லை.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாடு முழுக்க எடுத்தால் 57. பாதிக்கு மேல்! ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனாலே கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ரத்தசோகை. ரத்தம் சுமந்து போகும் ஆக்சிஜன் குறைந்தால் இதயம் அதை ஈடுகட்டச் சும்மா இருக்கும்போதே வேகமாக அடிக்கும். மாடி ஏறினால் படபடப்பு, மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது, எப்போதும் அசதி. "ஹார்ட்ல ஏதோ பிரச்சினை" என்று பயந்துகொண்டு ஈ.சி.ஜி. எடுக்கப் போகும் இளம் பெண்களில் பலருக்கும் பிரச்சினை இரும்புச்சத்தில் இருக்கும். கடுமையான ரத்தசோகையைக் கவனிக்காமல் நீண்ட நாள் விட்டால் இதயம் பெரிதாகிச் செயலிழப்பு வரை போகலாம். கர்ப்பம் வந்தால் சுமை இன்னும் கூடும்.

இதில் பாலும் டீயும் எங்கே வருகின்றன? கீரை, பருப்பு, கேழ்வரகு, பயறு என்று நாம் சாப்பிடும் சைவ உணவின் இரும்புச்சத்து உடம்பில் எளிதில் ஏறாத வகை. அதோடு டீ சேர்ந்தால், தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு, ஏறுவதைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடக்கூடும். பாலின் கால்சியமும் அதே நேரத்தில் வந்தால் கொஞ்சம் தடுக்கும், ஆனால் நாள்பட்ட கணக்கில் கால்சியத்தால் வரும் இழப்பு சின்னதுதான், டீயோடு ஒப்பிட முடியாது. ஆக, மதியம் முருங்கைக்கீரைப் பொரியலும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு, கை காய்வதற்குள் கடையில் ஒரு டீ குடித்தால், அம்மா கட்டிக்கொடுத்த இரும்பில் பெரும்பகுதி அந்தக் கிளாஸோடு போகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் டீ, காபி வேண்டாம் என்கிறது. சாப்பாட்டோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ எடுத்துக்கொண்டால் வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக்கொடுக்கும்.

பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுப்பார்களே, அது 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பாலோடு விழுங்கச் சொல்லும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். வயிற்றைப் புரட்டாமல் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான், ஆனால் மாத்திரையைப் பாலோடும் டீயோடும் போடக் கூடாது, தண்ணீரோடு போடுங்கள், கால்சியம் மாத்திரையும் அதே நேரத்தில் வேண்டாம். வயிறு புரட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப் போகும் நேரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

"அப்போ பாலையே குடிக்கலாம், டீயைத்தான் நிறுத்தணுமா?" என்றாள் அவள், அடுத்த எல்லைக்குத் தாவி. நிறுத்த வேண்டாம், நகர்த்து. பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் இரண்டு டீ, சர்க்கரை கம்மி. தோழிகளோடு கீழே இறங்கிப் போவதுதான் முக்கியம் என்றால் மதியம் மோர் குடி.

மோருக்கு வந்ததும் நம் பக்கம் ஒரு சாதகம் இருப்பது தெரியும். ஸ்வீடன் ஆய்வில் தப்பித்தது புளித்த பால், நாம் தலைமுறை தலைமுறையாகச் சாப்பாட்டை முடிப்பதே தயிரிலும் மோரிலும். பால் குடித்தால் வயிறு உப்புகிற ஆட்களுக்கும் தயிர் ஒத்துக்கொள்ளும், பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. ஒரே வில்லங்கம், மோரில் போடும் உப்பும் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயும் மோர் மிளகாயும். பாலின் பொட்டாசியமும் கால்சியமும் ரத்த அழுத்தத்துக்கு நல்லது. காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் என்று அமெரிக்காவில் 1997இல் சோதித்த 'டாஷ்' உணவுமுறையில், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு மேல் எண் 11 புள்ளி வரை இறங்கியது. அதே தயிரை ஊறுகாயோடு சாப்பிட்டால் கொடுத்ததை அதுவே திருப்பி வாங்கிக்கொள்ளும்.

பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறது, பாலையே தொடக் கூடாதாமே என்று கேட்கிறவர்களுக்கு: 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலில் அப்படி ஒரு விதி இல்லை, எந்தத் தனி உணவுமுறையும் மற்றதைவிட உயர்ந்தது இல்லை என்றுதான் இருக்கிறது. ஆனால் அதே வழிகாட்டுதல், பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களுக்கு இதயநோய் வாய்ப்பு கூடுதல் என்றே கருத வேண்டும் என்கிறது. இன்ஸ்டாகிராமில் முதல் பாதி பொய்யாகப் பரவுகிறது, இரண்டாவது பாதி பரவுவதே இல்லை. முகப்பரு இருந்தால் சிலருக்குப் பாலைக் குறைத்ததும் தணிகிறது, குறைத்துப் பாருங்கள், ஒன்றும் குடி முழுகிவிடாது. நாட்டு மாட்டு ஏ2 பால் இரண்டு மடங்கு விலைக்கு வாங்கினால் இதயத்துக்கு நல்லதா? ஏ1, ஏ2 என்பது புரதத்தின் வகை, கொழுப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பாதாம் பால் பாக்கெட்டில் பாதாம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று படித்துவிட்டு வாங்குங்கள். பாலே வேண்டாம் என்பவர்களுக்கு நம் ஊரிலேயே கேழ்வரகு இருக்கிறது, 100 கிராம் மாவில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். எள்ளும் கீரையும் சின்ன நெத்திலியும் இருக்கின்றன.

இவ்வளவும் பேசிவிட்டு நான் அவளைச் செய்யச் சொன்னது ஒரு ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபினும், முடிந்தால் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும், கூடவே கொழுப்பு அளவும். "இருபத்து மூணு வயசுல கொலஸ்ட்ரால் டெஸ்டா?" என்று சிரித்தாள். இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முதல் பரிசோதனைக்குச் சொன்ன வயதே 18. வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதற்கும் முன்னால். வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும் என்றுகூட இல்லை. எல்.டி.எல். 100க்குக் கீழே இருந்தால் நல்லது. லிப்போபுரோட்டீன் ஏ என்று ஒன்று உண்டு, பரம்பரையாக வருவது, சாப்பாட்டால் பெரிதாக மாறாது, அதை வாழ்நாளில் ஒரு முறையாவது பார்த்துவிடச் சொல்கிறார்கள், 50க்கு மேல் போனால் கவனம் வேண்டும். மேலைநாட்டினரைவிட நமக்கு ஏறக்குறைய பத்து ஆண்டு முன்னதாகவே இதயநோய் வருகிறது. மாதவிலக்கு நிற்கும் வரை பெண்களுக்கு ஹார்மோன் தரும் பாதுகாப்பு உண்டு என்பது உண்மைதான், சர்க்கரை நோய் வந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடும்.

சித்தி நடுவில் போனை வாங்கி, "எனக்கும் எடுக்கணுமா?" என்று கேட்டார். அவருக்கு இரண்டாவது பிரசவத்தில் ரத்தக்கொதிப்பு ஏறி, நீர் கோத்து, நாள் முந்தி ஆபரேஷன் செய்தார்கள். அதை இன்றுவரை எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. கர்ப்பத்தில் ரத்தக்கொதிப்போ சர்க்கரையோ வந்த பெண்களுக்குப் பின்னாளில் இதயநோய் வாய்ப்பு அதிகம். அவசியம் எடுக்கணும் சித்தி, டாக்டர் கேட்காவிட்டாலும் அந்தப் பிரசவத்தைப் பற்றி நீங்களே சொல்லுங்கள் என்றேன். இருவரும் சேர்ந்தே போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.